நாம் சூடாக, கறி குளிராக: ஒக்டோபரில் அல்கொங்குவின் பூங்காவில் மினிவானுக்குள் தங்குவோருக்கு

விடியற்காலை மூன்று மணிக்கு வானின் கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. வெளியே உறைநிலைக்குக் கீழே. மகள் தம்பியின் போர்வையையும் இழுத்துச் சுருண்டிருந்தாள். தம்பி அம்மாவின் கம்பளிச் சட்டைக்குள் பாதி நுழைந்திருந்தான். பல் கிட்டும் அந்தக் குளிரிலும், முதல் நாள் இரவு முழுக்க ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்த கோழிக்கறி மட்டும் கெட்டுப்போயிருந்தது. விடிந்ததும் சாவியைத் திருப்பினேன். 'டிக், டிக்' என்ற சத்தத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு இலையுதிர்காலம் போய்வந்துவிட்டோம். ரொறன்ரோவிலிருந்து ஒன்ராறியோவின் அல்கொங்குவின் மாகாணப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு சாதாரண மினிவானில் ஒரு வார இறுதிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வானையே வீடாக்கி மாதக்கணக்கில் திரிகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

1. இடத்தைப் பிடிப்பது ஐந்து மாதங்களுக்கு முன்பு

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் தங்கும் இடங்களுக்கான முன்பதிவு, நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதங்களுக்கு முன்பு காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஒக்டோபர் 3 போக வேண்டுமானால் மே 3 காலை 6:50க்கே கணக்கில் உள்நுழைந்து, இடத்தின் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மேப்பிள் இலை சிவக்கும் செப்டெம்பர் கடைசி வாரமும் ஒக்டோபர் முதல் வாரமும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தவறவிட்டவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். யாராவது ரத்துச் செய்தால் மின்னஞ்சலில் அறிவிக்கச் சொல்லும் வசதி அதே தளத்தில் உண்டு. எங்களுக்கு இரண்டு முறை அப்படித்தான் இடம் கிடைத்தது.

நெடுஞ்சாலை 60 பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. அதன் ஓரத்தில் தங்குமிடங்கள் பல இருந்தாலும் புதியவர்களுக்கு நான் சொல்வது மியூ லேக் மட்டும்தான். அது ஆண்டு முழுதும் திறந்திருக்கும். சூடேற்றிய கழிப்பறையும் குளியலறையும் இருக்கின்றன. முக்கியமாக, மின்னிணைப்புள்ள இடங்கள் இருக்கின்றன. முதல் முறை போகிறவர்கள் மின்னிணைப்பு இல்லாத இடத்தைச் சில டொலர் மிச்சம் என்று எடுக்க வேண்டாம். அந்த மிச்சத்துக்கு இரவு மூன்று மணிக்கு வட்டி கட்டுவீர்கள்.

பதிவு செய்யும்போது அந்த இடத்தின் விவரத்தில் மின்தூண் 15 ஆம்பா 30 ஆம்பா என்று பாருங்கள். 30 ஆம்ப் துளைக்குள் வீட்டுப் பிளக் நுழையாது, மாற்றித்தலை (அடப்டர்) ஒன்று வேண்டும். பெரிய வன்பொருள் கடைகளில் கிடைக்கும் அந்தச் சாமானைக் காட்டுக்குள் போய்த் தேட முடியாது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முன்பதிவு உறுதிக் கடிதத்தை அச்சிட்டுக்கொண்டு போங்கள். நெடுஞ்சாலை 60இல் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் வராது, மின்னஞ்சலைத் திறக்க முடியாது. சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு, காப்புறுதித் துண்டு, எல்லோருடைய ஓஹிப் (மாகாணச் சுகாதாரக் காப்புறுதி) அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். மைத்துனரின் வானை இரவல் வாங்கிப் போவதென்றால், பதிவுப் பத்திரமும் காப்புறுதித் துண்டும் வானுக்குள்ளேயே இருக்கின்றனவா என்று புறப்படுமுன் பாருங்கள். 'எல்லாம் உள்ளே கிடக்கிறது' என்று அவர் சொன்னது போன வருடத்துத் துண்டாக இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

நுழைந்ததும் தரும் அனுமதிச் சீட்டை முன்கண்ணாடிக்குள் தெரியும்படி வைக்க வேண்டும். தங்கும் அனுமதியில் ஒரு வாகனம்தான் அடக்கம். பின்னால் இன்னொரு காரில் மாமா குடும்பம் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம். நடைபாதைகளின் வாகனத் தரிப்பிடத்தில் இரவைக் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அங்கே அனுமதி இல்லை.

3. தீயை வானுக்குள் கொண்டுவர வேண்டாம்

இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, அணைந்ததுபோல் தெரியும் தணல், எதுவும் வானுக்குள் வரக்கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் குமட்டலும் வரும்போது 'பயணக் களைப்பு' என்று நினைத்துப் படுப்பவர்கள் எழும்புவதில்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டு தூங்குவதும் இதே ஆபத்துத்தான். பனி கொட்டிப் புகைக்குழாய் மூடினாலோ குழாயில் ஓட்டை இருந்தாலோ புகை உள்ளே வரும்.

கடையில் 'வீட்டுக்குள் பாதுகாப்பானது' என்று எழுதிய புரொப்பேன் ஹீற்றர்கள் உண்டு. ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும் அமைப்பும் அவற்றில் உண்டு. தூங்கும் நேரத்துக்கு அதையும் நான் சேர்க்கமாட்டேன். ஆபத்தை விட்டாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. புரொப்பேன் எரிந்தால் தண்ணீர் பிறக்கும். 454 கிராம் கொண்ட அந்தச் சின்னச் சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் ஏறத்தாழ முக்கால் லீற்றர் தண்ணீர் நீராவியாக வெளியே வரும். அது கண்ணாடியில் படிந்து, கூரையில் படிந்து, கடைசியில் உங்கள் நெற்றியில் விழும்.

மின்சார ஹீற்றர்தான் வைத்திருக்கிறோம் என்றாலும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்று கட்டாயம். பக்கத்து இடத்தில் யார் என்ன எரிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. விலை நாற்பது ஐம்பது டொலர். வீட்டுச் சுவரில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு போகாதீர்கள். அவற்றில் பலவற்றின் கையேட்டில் 4 பாகைக்கு மேல்தான் வேலை செய்யும் என்று போட்டிருக்கும். ஆர்வி எனப்படும் வீட்டு வாகனங்களுக்கென்று விற்பதை வாங்கி, படுக்கும் தலை உயரத்தில் வைத்து, ஒவ்வொரு இரவும் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

4. குளிர் கீழிருந்துதான் வருகிறது

நாம் மேலே மேலே போர்த்துகிறோம். ஆனால் வானின் தரை ஒரு தகரம், அதற்குக் கீழே காற்று ஓடுகிறது. இருக்கைகளை மடித்தபின் முதலில் தடித்த நுரைப்பாய், அதற்கு மேல் மெத்தை. நுரைப்பாய்களில் ஆர் (R) என்று ஓர் எண் போட்டிருக்கும், அது குளிரைத் தடுக்கும் அளவு. இரண்டு பாய்களை அடுக்கினால் எண்கள் கூடும். மொத்தம் நாலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றடித்த மெத்தையை மட்டும் நம்பிப் போகிறவர்கள் விடியும்வரை குளிர்ந்த காற்றின்மேல் படுத்திருப்பார்கள்.

நம்முடைய வீடுகளில் புலிப்படமோ மயில்படமோ போட்ட கனத்த போர்வை ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தூங்கும் பைக்கு மேலே போட வேண்டாம். பாரத்தில் பையின் பஞ்சு அமுங்கிச் சூடு பிடிக்காமல் போகும். கீழே விரியுங்கள். புலி அங்கேதான் உதவும்.

தூங்கும் பை வாங்கும்போது பையின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது தாங்கக்கூடிய கீழ் எல்லை. உள்ளே தைத்த சிறு சீட்டில் 'சௌகரியம்' என்று இன்னொரு எண் இருக்கும், அதுதான் நமக்கு. ஒக்டோபர் இரவுகளில் அங்கே பூச்சியத்துக்குக் கீழே போவது சாதாரணம். சௌகரிய எண் மைனஸ் 5 உள்ள பை இருந்தால் ஹீற்றர் அணைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிகள் அடுத்த வேலை. வெள்ளிநிறக் குமிழித்தாள் ஒரு சுருள் ஐம்பது டொலருக்குள் வரும். பழைய செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டி அளவெடுத்து, அதைவிட விரலகலம் பெரிதாக வெட்டினால் ஒட்டாமலே இறுகி நிற்கும். இதை வீட்டு வாசலில் ஆறுதலாக ஒரு சனிக்கிழமை செய்யுங்கள். இருட்டில் கைவிளக்கை வாயில் கடித்துக்கொண்டு வெட்டிய எங்களுடைய முதல் பதிப்பு ஒரு கண்ணாடிக்கும் பொருந்தவில்லை.

முன் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்கே ஒரு திரை கட்டுங்கள். பழைய படுக்கை விரிப்பை இரண்டாக மடித்தால் போதும். சூடாக்க வேண்டிய இடம் குறையும். இந்தத் திரைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

படுக்கும்போது பருத்தி வேண்டாம். பகலில் வியர்த்த காலுறையோடு படுக்கவே வேண்டாம். உலர்ந்த கம்பளிக் காலுறையும் தொப்பியும் ஒவ்வொருவருக்கும் தனியாக, 'இரவுக்கு' என்று ஒரு பையில் இருக்கட்டும். இறுக்க மூடும் போத்தலில் சுடுநீர் ஊற்றி, ஒரு காலுறைக்குள் நுழைத்து, காலடியில் வைத்தால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உறங்கிவிடுவார்கள். மூடியை இறுக்கியபின் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு முறை நான் பார்க்கவில்லை, மறுநாள் மகனின் பை முழுக்க உலர்த்த வேண்டியிருந்தது.

5. ஹீற்றரும் கேத்திலும் ஒன்றாக ஓடாது

சாதாரண மின்சார ஹீற்றர் 1500 வாட். நம் 120 வோல்ற் மின்சாரத்தில் அது 12.5 ஆம்ப் இழுக்கும். கேத்திலும் அநேகமாக அதே அளவு. இரண்டையும் 15 ஆம்ப் இணைப்பில் ஒன்றாகப் போட்டால் தூணில் இருக்கும் சுவிட்ச் விழுந்துவிடும். முதல் முறை இரவு பதினொரு மணிக்கு ஒரு தேத்தண்ணீர் ஆசையில் நான் செய்தது இதுதான். சுவிட்ச் எங்கே என்று பகலிலேயே பார்த்து வைக்காததால் இருட்டில் தேடி அலுத்துப் படுத்தேன். மூன்று மணிக்கு விழுந்த சொட்டுக்கு வித்து அதுதான்.

ஹீற்றரை 750 வாட் நிலையில் வையுங்கள். கண்ணாடி மறைத்துத் திரை கட்டிய மினிவானுக்கு அது தாராளம். சாய்ந்தால் தானாக அணையும் வகையை வாங்குங்கள். படுக்கையிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, அசையாத பலகைமேல் இருக்கட்டும். நீட்டிப்புக் கம்பி வெளிப்புறத்துக்கானதாகவும் 12 அல்லது 14 கேஜ் தடிப்பாகவும் இருக்க வேண்டும். வரவேற்பறை விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பி சுட்டு உருகும். அரை மணி நேரம் ஓடியபின் கம்பியைக் கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே நிறுத்துங்கள்.

ஈரத்துக்கு மருந்து ஒன்றுதான். எதிரெதிரான இரண்டு கண்ணாடிகளை இரண்டு சென்ரிமீற்றர் திறந்து வைப்பது. சூடு போய்விடும் என்று அம்மாமார் சண்டை பிடிப்பார்கள். போகிறது கொஞ்சம், ஆனால் நான்கு பேரின் மூச்சு விடியுமுன் தண்ணீராகாமல் வெளியே போகிறது. ஈரத் துவாய்களை உள்ளே காயப்போட வேண்டாம்.

6. கூலர் வேலை வீட்டுக் குளிரூட்டியில் தொடங்குகிறது

சூடான கராஜில் கிடந்த கூலருக்குள் ஐஸ் போட்டால், அந்த ஐஸின் முதல் வேலை கூலரையே குளிராக்குவது. முந்தின இரவே ஒரு பை ஐஸ் போட்டு மூடி வைத்து, காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடுக்குங்கள். உணவைவிட இரண்டு மடங்கு இடம் ஐஸுக்கு என்பது கணக்கு. கடையில் வாங்கும் சிறு கட்டிகள் சீக்கிரம் கரையும், பெரிய கட்டி நின்று பிடிக்கும். இங்கே பால் பையில்தான் விற்கிறார்கள் அல்லவா, 1.33 லீற்றர் பை மூன்று சேர்ந்தது நாலு லீற்றர். அவற்றில் இரண்டை அப்படியே உறைய வைத்துக்கொண்டு போகிறோம். முதல் நாள் ஐஸ், மூன்றாம் நாள் தேத்தண்ணீருக்குப் பால்.

கறிகளை வேளைக்கு ஒன்றாகத் தட்டையான பைகளில் ஊற்றிக் கல்லாக உறையவையுங்கள். கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் நாளுடையது மேலே. பானங்களுக்குத் தனிக் கூலர் வையுங்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பது அதையாக இருக்கட்டும். ஐந்து டொலர் வெப்பமானி ஒன்றை உணவுக் கூலருக்குள் போடுங்கள். 4 பாகைக்கு மேல் ஏறினால் ஐஸ் சேர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடந்த இறைச்சியை மணந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம், எறியுங்கள்.

நம் சாப்பாட்டில் ஆபத்தானது தேங்காய். தேங்காய்ச் சம்பலும் சொதியும் முதல் நாளோடு முடியட்டும். பிறகு வேண்டுமானால் டின் தேங்காய்ப்பாலில் அங்கேயே வையுங்கள். வடித்த சோற்றைக் கொண்டுபோகாதீர்கள், மிஞ்சிய சோற்றை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். பாண், முட்டை, பருப்பு, டின் மீன், வறுத்திடித்த மாசிச் சம்பல் ஆகியவை இருந்தால் கூலரையே பாதியாக்கலாம். கருவாடு மட்டும் வேண்டாம். அதன் காரணம் அடுத்த படியில் வருகிறது.

உலர் ஐஸ் வாங்கினால் நாலு நாள் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அது கரைவதில்லை, காபனீரொட்சைட் வாயுவாக மாறுகிறது. மூடிய வானில் அதோடு படுக்கக் கூடாது.

7. கூலரை வெளியே வைக்காதீர்கள்

'வெளியேதான் குளிராக இருக்கிறதே, மேசைக்குக் கீழே வைத்தால் ஐஸே வேண்டாம்' என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கருங்கரடிகள் ஒக்டோபரில் குளிர்கால உறக்கத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொண்டு திரியும். கருவாட்டு மணம் அவற்றைக் கூப்பிடும். கரடி வராவிட்டாலும் ரக்கூன் வரும், அதற்குக் கூலரின் கொளுக்கியைத் திறக்கத் தெரியும். உணவு, கூலர், குப்பை, கழுவாத சட்டி, பற்பசை எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. ஆளில்லாத மேசையில் கிடந்தால் பூங்கா அதிகாரிகள் தண்டம் எழுதலாம். சாப்பிட்டவுடன் கழுவி, குப்பையை அன்றன்றே பூங்காவின் தொட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்.

ஆகவே கூலர் வானுக்குள்தான் இருக்க வேண்டும். வானோ சூடாக இருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் முன்பு சொன்ன திரை. இரவில் கூலரைத் திரைக்கு அந்தப் பக்கம், முன் இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். பின்பக்கம் 16 பாகை இருக்கும்போது முன்பக்கத்தில் எங்கள் வெப்பமானி 5 காட்டியது. அங்கே ஐஸ் அவ்வளவாகக் கரையவில்லை. பகலில் முன்கண்ணாடி வழியாக வெயில் விழும், அப்போது பின்பக்கம் மாற்றி மேலே புலிப் போர்வையைப் போட்டு மூடுங்கள். நம்மைச் சூடாக வைத்த அதே போர்வை ஐஸைக் குளிராக வைக்கும்.

மிகக் குளிர்ந்த இரவில் மறுபக்கத் தொல்லை வரும். முட்டையும் தண்ணீர்ப் போத்தலும் உறைந்து வெடிக்கும். அவற்றையும் கூலருக்குள்ளேயே வையுங்கள், அது உறைவதையும் தடுக்கும்.

8. பற்றரியை யார் குடிக்கிறார்கள் என்று பாருங்கள்

சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் மலிவான மின்கூலர்கள் விடாமல் நாலைந்து ஆம்ப் இழுக்கும். பத்து மணி நேரத்தில் நாற்பது ஐம்பது ஆம்ப்-மணி. வான் பற்றரி முழுதாகவே அறுபது சொச்சம்தான், குளிரில் அதுவும் குறையும். முதல் முறை 'டிக், டிக்' என்றது இதனால்தான். சில வான்களில் சாவியை எடுத்ததும் அந்தத் துளை அணையும், சிலவற்றில் அணையாது. வீட்டில் சோதித்துப் பாருங்கள்.

வீட்டுக் குளிரூட்டியைப் போல அமுக்கி (கொம்பிரசர்) பொருத்திய உண்மையான 12 வோல்ற் குளிரூட்டிகள் நல்லவைதான், மின்னிணைப்புள்ள இடத்தில் அருமையாக ஓடும். விலை பல நூறு டொலர். ஆண்டுக்கு இரண்டு வார இறுதிக்கு நான் வாங்கமாட்டேன். அதற்குப் பதில் நூறு டொலரளவில், செத்த பற்றரியோடும் வானைக் கிளப்ப உதவும் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி, முழுதாகச் சார்ஜ் செய்து கொண்டுபோங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் உதவி வண்டியை அழைப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தால் அந்த நூறு டொலர் உறுத்தாது. லிதியம் பற்றரிப் பெட்டி எதையும் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, கெட்டுப்போகும். இரவில் திரைக்கு இந்தப் பக்கம், நம்மோடு படுக்கட்டும்.

9. காசும் நேரமும்

மின்னிணைப்புள்ள இடம் ஓர் இரவுக்கு ஐம்பது டொலருக்கு மேல். முன்பதிவுக் கட்டணம் தனி, அதற்கு மேல் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி. இரண்டு இரவுக்கு நூற்றைம்பதை ஒட்டி ஒதுக்குங்கள். போய்வர ஏறத்தாழ 60 லீற்றர் பெற்றோல். விறகை வீட்டுக் கொல்லையிலிருந்து ஏற்றாதீர்கள், மரத்தைத் தின்னும் பூச்சிகள் அதில்தான் பயணம் செய்கின்றன. பூங்காவிலேயே பையாக வாங்கலாம், ஓர் இரவுக்கு இரண்டு பை போகும். பாய், குமிழித்தாள், அலாரம், கம்பி, ஹீற்றர் என்று முதல் வருடம் எங்களுக்கு முந்நூறு டொலர் சொச்சம் போனது. தூங்கும் பைகள் மட்டும் தனிக்கணக்கு, அவற்றைச் சொந்தக்காரரிடம் இரவல் கேட்கலாம்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வெள்ளிக்கிழமை வேலை முடித்து ஐந்து மணிக்கு ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டால் நெடுஞ்சாலை 400இன் நெரிசலைத் தாண்டி இருட்டில்தான் சேர்வீர்கள். அந்த நேரத்தில் நெடுஞ்சாலை 60இல் மூஸ் என்னும் பெரிய மான் குறுக்கே வரும். அரை நாள் விடுப்பு எடுத்து நண்பகலுக்கு முன் கிளம்புங்கள். ஹன்ட்ஸ்வில்லில் பெற்றோலும் ஐஸும் நிரப்புங்கள், அதன்பின் கடைகள் அரிது. இடம் பிற்பகல் இரண்டு மணிக்குக் கையில் வரும், கடைசி நாள் அதே இரண்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும்.

ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்ததும் தூங்கும் பைகளை உறையிலிருந்து எடுத்து, கதிரைகளில் விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். கூலரின் மூடியையும் திறந்தே வையுங்கள். எங்களுடையதை மூடிவைத்து, மே மாதம்தான் திறந்தோம்.